6 மைக்ரான் தாமிரம்

லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்வாயில், கரிய கிராஃபைட் பூச்சுக்கு நடுவே மெல்லிய தாமிரத் தாள் ஒன்று இருக்கிறது. லித்தியத்தைச் சேமித்து வைப்பது கிராஃபைட். தாமிரம் எதையும் சேமிப்பதில்லை. எலக்ட்ரான்களை வாங்கி வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் பேட்டரியின் எடை, விலை, ஆயுள் மூன்றையும் அது தொடுகிறது.

விலையும் எடையும் குறைந்த அலுமினியம் நேர்மின்வாயில் இதே வேலையைச் செய்கிறது. எதிர்மின்வாயில் மட்டும் அது செல்லாது. அங்குள்ள தாழ்ந்த மின்னழுத்தத்தில் லித்தியம் அலுமினியத்துக்குள் புகுந்து உலோகக் கலவையாகி, தாளையே சிதைத்துவிடும். தாமிரத்திடம் அந்த வம்பு இல்லை. சோடியம் அலுமினியத்தோடு கலப்பதில்லை என்பதால், சோடியம் அயனி பேட்டரியில் இரு பக்கமும் அலுமினியமே போதும்.

இன்று புழங்கும் தாள்கள் பெரும்பாலும் 6 முதல் 10 மைக்ரான் தடிமன் கொண்டவை. தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு சதுர மீட்டர் தாள், 10 மைக்ரானில் சுமார் 90 கிராம் இருக்கும். 6 மைக்ரானில் 54 கிராம்தான். ஒரு மின்சாரக் காருக்குள் இப்படி நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் தாள் போகிறது என்பதால், குறையும் ஒவ்வொரு மைக்ரானும் கிலோ கணக்கில் மிச்சம்.

இந்தத் தாளைச் செய்யும் விதம் வியப்பூட்டுவது. காப்பர் சல்பேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் பாதி மூழ்கியபடி டைட்டேனியம் உருளை ஒன்று மெல்லச் சுழலும். மின்சாரம் பாய, தாமிரம் அதன்மேல் படியும். கரைசலுக்கு மேலே வந்ததும் உரித்துச் சுருட்டிக்கொள்வார்கள். மின்னோட்டம் மாறாதிருக்க, உருளையின் வேகம் கூடினால் தாள் மெலியும். உருளையை ஒட்டிய பக்கம் பளபளக்கும். கரைசல் பக்கம் மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். கரைசலில் மிகச் சிறிதளவு சேர்க்கும் ஜெலட்டின் போன்ற பொருள்கள், படியும் தாமிரத்தின் படிகத் துகள்களைப் பொடியாக்குகின்றன. உண்மையான கைத்திறன் இந்தச் சேர்மானத்தில்தான் இருக்கிறது. துகள் பொடியானால் தாளின் வலிமை கூடும். மின்கடத்தும் திறன் சற்றே குறையும்.

அந்த வலிமை இல்லாமல் முடியாது. எதிர்மின்வாய் ஆகும் வழியில் கிராஃபைட் பூச்சு, அதை உலர்த்தும் சூடு, அழுத்தும் உருளைகளின் பளு எல்லாவற்றையும் தாள் கிழியாமல் தாங்க வேண்டும். சூட்டில் தாமிரம் இளகும் இயல்புடையது. கிராஃபைட்டோடு சிலிக்கான் சேர்த்தால் சோதனை இன்னும் கடுமை: லித்தியம் ஏறும்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதமே உப்பும், சிலிக்கானோ தன் கன அளவைப்போல் மும்மடங்குக்கு மேல் பெருக்கும். இழுபடும் தாள் சுருக்கம் விழுந்து மடியும், சில வேளை கிழியும்.

தாமிரத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பேட்டரி அளவு மீறி வற்றினால் எதிர்மின்வாயின் மின்னழுத்தம் உயர்ந்து, தாமிரமே கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அது வேறிடத்தில் படிந்து, உள்ளுக்குள் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். நெடுநாள் முற்றிலும் வற்றிக் கிடந்த செல்லைச் சார்ஜ் செய்யச் சில பாதுகாப்புச் சுற்றுகள் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.