நரம்பை முடக்கும் பாம்பு நஞ்சு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவை முக்கியப் பயிர்கள். விளைபொருள் உள்ள இடத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். வெங்காயப் பட்டறைக்கும் சோளக் களத்துக்கும் காவலாகத் தரையில் படுத்துறங்கும் விவசாயிகள் பாம்புக்கடி பற்றிச் சில விவரங்களை அறிந்திருப்பது அவசியம்.

நரம்பின் வேலை

கையைத் தூக்க மூளை இடும் கட்டளை, நரம்பு வழியே மின் துடிப்பாக ஓடுகிறது. நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே நரம்பு முனை 'அசிட்டைல்கோலின்' என்ற பொருளைச் சுரக்கிறது. அது தசையிலுள்ள ஏற்பிகளில் சேர்ந்ததும் தசை சுருங்குகிறது. மதகைத் திறந்தால் தண்ணீர் மடை வழியே பாத்தியில் பாய்வதைப் போன்றது இது. மூச்சு விடும் தசைகளும் இவ்வாறே இயங்குகின்றன.

நல்லபாம்பின் நஞ்சு ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது; அதாவது பாத்தியின் மடை அடைபடுகிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. அதாவது மதகே பழுதாகிறது. சிதைந்த முனை மறுபடி வளரப் பல நாட்கள் ஆகும். அதுவரை செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம்.

ஏமாற்றும் கடி

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தூங்குபவரைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ இராது. பல் தடமும் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி, வாந்தி, கண் இமை சரிதல், பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். தரையில் படுத்தவர் விடியற்காலையில் இவ்வாறு எழுந்தால் பாம்புக்கடியைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்நஞ்சு முடக்குவது தசையைத்தான், அறிவை அன்று. கண் திறக்காமல், கை அசையாமல் கிடப்பவருக்கு அருகில் பேசுவது கேட்கக்கூடும். எனவே உயிர் போய்விட்டது என்று வீட்டார் முடிவு கட்டக்கூடாது. மூச்சுக் கருவியின் துணையால் இந்நிலையிலிருந்து மீண்டு நடமாட முடியும்.

செய்ய வேண்டியவை

கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை மட்டையோ குச்சியோ வைத்து அசையாமல் கட்டி, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை கொடுப்பது கூடாது. பாம்பைத் தேடிக் காலம் கடத்தவும் வேண்டாம். நஞ்சுமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் இது ஒரே மருந்து. இதைத் தயாரிக்க வேண்டிய நஞ்சை, 1978ல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வருகிறது. 2024 முதல் தமிழகத்தில் ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

காவலுக்குச் செல்வோர் கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களைப் படுக்கையின் கீழ் செருகிக்கொள்ள வேண்டும். இரவில் எழுந்தால் டார்ச் விளக்கின்றிக் கால் வைக்கக்கூடாது. பட்டறையைச் சுற்றிக் குப்பை கூளங்களை அகற்றி எலியைக் கட்டுப்படுத்தினால், பாம்பின் வரவும் குறையும்.