சக்கரங்கள் நான்கு, தாங்கும் புள்ளிகள் மூன்று

சரக்குக் கிடங்குகளிலும் துறைமுகங்களிலும் ஃபோர்க்லிஃப்ட் என்னும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்புறம் நீண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களில் இரண்டு டன் பெட்டியைக்கூட அலுங்காமல் தூக்கும். அவ்வளவு பாரத்தை முன்னால் தாங்கியும் அது ஏன் குப்புற விழுவதில்லை?

பூங்காவில் உள்ள சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே முன்சக்கரங்களின் அச்சுதான் தாங்குபுள்ளி. ஒருபுறம் சரக்கு, மறுபுறம் வண்டியின் எடை. இதற்கென்றே வண்டியின் பின்பகுதியில் கனத்த இரும்பு வார்ப்பு ஒன்றை வைத்திருப்பார்கள்.

ஆனால் சீசாவில் எடையோடு தூரமும் சேர்ந்தல்லவா வேலை செய்கிறது? ஒரு வண்டியின் தகட்டில் '500 மில்லிமீட்டரில் 2,000 கிலோ' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். சரக்கின் ஈர்ப்பு மையம் கரங்களின் அடியிலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால்தான் 2,000 கிலோ தூக்கலாம் என்பது பொருள். அங்கிருந்து அச்சுக்கு இன்னும் 0.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.9 மீட்டர், பெருக்கினால் 1,800. (நியூட்டன் கணக்கில் சொல்ல 9.8 ஆலும் பெருக்க வேண்டும். ஒப்பிட மட்டுமே என்பதால் விட்டுவிடுவோம்.) இப்போது 1.6 மீட்டர் நீளப் பெட்டி ஒன்று வருகிறது. அதன் மையம் அச்சிலிருந்து 1.2 மீட்டரில் அமையும். 1,800ஐ 1.2 ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,500 கிலோதான்! அதே வண்டி, பெட்டி நீண்டதால் 500 கிலோ குறைந்துவிட்டது.

ஒரு கிடங்கில், பாரம் மிகுந்து பின்சக்கரங்கள் எழும்பியபோது இரண்டு பேர் பின்னால் ஏறி நின்றதை நானே கண்டேன். திருப்புத்திறன் கணக்குப்படி சரிதானே என்று கேட்பீர்கள். சரியல்ல. தூக்கும் சங்கிலியும் கரங்களும் தாங்கும் பாரம் அதனால் ஒரு கிலோகூடக் குறையாது. தவிர, இவ்வண்டியைத் திருப்புவது பின்சக்கரங்கள். அவை தரையில் அழுந்தாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

இன்னொரு விந்தை. மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசைவதற்காகப் பின்அச்சை நடுவில் ஒரே முளையில் கோத்திருப்பார்கள். ஆகவே வண்டியைத் தாங்குவது முன்சக்கரங்கள் இரண்டும் இந்த முளையும் சேர்ந்த முக்கோணமே. ஈர்ப்பு மையத்திலிருந்து விடும் தூக்குநூல் அதற்கு வெளியே போனால் வண்டி கவிழும். சரக்கை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும். சிறு சாய்வுகூட நூலை வெளியே தள்ளிவிடும். எனவேதான் ஓடும்போது சரக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே வைத்திருக்கிறார்கள். வெற்று வண்டிக்கு அபாயமில்லை என்று எண்ணாதீர்கள். அதன் ஈர்ப்பு மையம் பின்னால், முக்கோணம் குறுகும் இடத்தில் இருக்கிறது. வேகமாகத் திரும்பினால் அது பக்கவாட்டில் எளிதாகச் சாயும்.

சரிவுகளில் சரக்கு எப்போதும் மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும் ஓட்டுவார்கள்.

வண்டி சாயத் தொடங்கினால் குதித்துவிடவே மனம் சொல்லும். குதிப்பவர் விழும் இடத்தில்தான் தலைக்கு மேலுள்ள இரும்புக் கூரைச் சட்டமும் வந்து விழும். அதனால் இருக்கையில் பெல்ட்டுடன் அமர்ந்தபடியே, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடலைச் சாய்த்துக்கொள்ளும்படி ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள்.