ரோட்ஸ்டர் பிக்கப் ஹாட் ராடுகளும் அவற்றின் ஒளிப்படங்களும்

ரோட்ஸ்டர் பிக்கப் என்பது நிலையான கூரை இல்லாத, இருவர் அமரக்கூடிய முன்பகுதியையும் பின்புறத்தில் திறந்த சிறிய சுமைப்பெட்டியையும் கொண்ட இலகுரகத் தானுந்து வகை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் தயாரிக்கப்பட்ட இவ்வண்டிகளின் பொறி, அடிச்சட்டம், உடற்பகுதி ஆகியவற்றை வேகத்திற்காக மாற்றியமைத்து உருவாக்கப்பட்டவை ரோட்ஸ்டர் பிக்கப் ஹாட் ராடுகள் எனப்படுகின்றன. ஹாட் ராடுகள் உரிமையாளர்களால் ஓயாமல் மாற்றப்பட்டு வந்தவை. ஆகையால் ஒரு வண்டி குறிப்பிட்ட ஓர் ஆண்டில் எவ்வாறு இருந்தது என்பதற்குப் பல வேளைகளில் ஒளிப்படம் மட்டுமே எஞ்சியுள்ள சான்றாகும்.

தோற்றம்

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ 1.5 கோடி எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் சுமைப்பெட்டி வேண்டியவர்கள் அதனைத் தாமே செய்து பொருத்திக் கொண்டனர். 1925இல் ஃபோர்டு நிறுவனமே சுமைப்பெட்டியுடன் கூடிய மாடல் டி வண்டியை 281 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனைத் தொடர்ந்து வந்த மாடல் ஏ வரிசையிலும் திறந்த பிக்கப் இடம்பெற்றது. மாடல் டி பொறியின் திறன் 20 குதிரைத்திறன். மாடல் ஏ பொறியின் திறன் 40 குதிரைத்திறன்.

இவ்வண்டிகள் உழவர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் உரிய வேலை வண்டிகளாகவே கருதப்பட்டன. பழையதாகி மலிந்தபோது இளைஞர்கள் அவற்றை வாங்கினர். மூடிய தானுந்துகளைவிட எடை குறைவாக இருந்ததும், உதிரிபாகங்கள் எங்கும் கிடைத்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள் ஆகும்.

வேகத்திற்கான மாற்றங்கள்

1932இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 பொறியை அறிமுகப்படுத்தியது. எட்டு உருளைகளையும் ஒரே வார்ப்பாக வார்க்கும் முறையினால் இப்பொறி குறைந்த விலையில் கிடைத்தது. விபத்துக்குள்ளான வண்டிகளிலிருந்து இதனைக் கழற்றி, எடை குறைந்த மாடல் டி அல்லது மாடல் ஏ வண்டியில் பொருத்துவது பரவலான வழக்கமாயிற்று. கூடுதல் கார்புரேட்டர்களைச் சேர்ப்பது, சேறுகாப்புத் தகடுகளையும் பொறியின் மூடியையும் அகற்றுவது, சுமைப்பெட்டியை வெட்டிக் குறுக்குவது, அடிச்சட்டத்தைத் தரைக்கு அருகே தாழ்த்துவது ஆகியவை பிற மாற்றங்கள்.

தெற்குக் கலிபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகள் ஓட்டக்களங்களாகப் பயன்பட்டன. 1937இல் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. இச்சங்கம் வண்டிகளுக்கு எண்களை வழங்கி, அவற்றின் வேகத்தை அளந்து பதிவு செய்தது. 1949இல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புச் சமவெளியில் வேக வாரம் முதன்முறையாக நடைபெற்றது.

ஒளிப்படக் கலைஞர்கள்

தொடக்க காலப் படங்களில் பெரும்பாலானவை ஓட்டுநர்களும் அவர்களின் நண்பர்களும் எளிய கையடக்கக் கருவிகளால் எடுத்தவை. 1948 சனவரியில் ராபர்ட் பீட்டர்சன், ராபர்ட் லிண்ட்சே ஆகியோர் ஹாட் ராட் இதழைத் தொடங்கிய பின்னரே இத்துறையில் தொழில்முறை ஒளிப்படக்கலை வளர்ச்சியடைந்தது.

டாம் மெட்லி: இவ்விதழின் கேலிச்சித்திரக் கலைஞர். ஸ்ட்ரோக்கர் மெக்கர்க் என்னும் பாத்திரத்தை உருவாக்கியவர். ஓட்டக்களங்களையும் பணிமனைகளையும் படம் பிடித்தவர்.

எரிக் ரிக்மன்: இதே இதழின் ஒளிப்படக் கலைஞர். 1954இல் தேசிய ஹாட் ராட் சங்கம் நாடெங்கும் அனுப்பிய பாதுகாப்புப் பயணக் குழுவில் ஒருவராகச் சென்று, கலிபோர்னியாவிற்கு வெளியே நடந்த ஓட்டங்களையும் பதிவு செய்தார்.

ஆண்டி சதர்ட்: நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவிற்குக் குடிபெயர்ந்தவர். 1950களில் அவர் எடுத்த வண்ணப் படங்கள் 1990களில் நூல்களாக வெளிவந்தன.

ஜார்ஜ் பாரிஸ்: வண்டி வடிவமைப்பாளர். தமது பணிமனையில் உருவான வண்டிகளைத் தாமே படமெடுத்து இதழ்களுக்கு வழங்கினார்.

பெயர்பெற்ற வண்டிகள்

அலா கார்ட்: 1929 மாடல் ஏ பிக்கப்பை அடிப்படையாகக் கொண்டது. ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்பவருக்காக ஜார்ஜ் பாரிஸ் பணிமனையில் உருவாக்கப்பட்டது. ஓக்லாந்து ரோட்ஸ்டர் கண்காட்சியில் அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் என்னும் விருதினை 1958, 1959 ஆகிய இரு ஆண்டுகளிலும் தொடர்ந்து பெற்றது. வேலை வண்டியாகத் தொடங்கிய ஒரு வகை, கண்காட்சியின் உயரிய பரிசினைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

நார்ம் கிராபோவ்ஸ்கியின் டி: மாடல் டி முன்பகுதி, குறுக்கப்பட்ட மாடல் ஏ சுமைப்பெட்டி, காடிலாக் பொறி ஆகியவற்றை இணைத்து உருவாக்கப்பட்டது. 1955 அக்டோபரில் ஹாட் ராட் இதழின் அட்டையிலும், 1957 ஏப்ரலில் லைஃப் இதழிலும் இடம்பெற்றது. 1958இல் தொடங்கிய 77 சன்செட் ஸ்ட்ரிப் தொலைக்காட்சித் தொடரிலும் தோன்றியது. இதனைப் பின்பற்றி உருவான வண்டிகள் டி பக்கெட் என்று அழைக்கப்படுகின்றன. இதழ்களில் தோன்றிய வண்டியும் தொடரில் தோன்றிய வண்டியும் ஒன்றே. ஆயினும் இடையில் அதன் நிறமும் அலங்காரமும் மாறின. பின்னர் வேறு உரிமையாளரிடம் சென்று மீண்டும் மாற்றப்பட்டது. 1955ஆம் ஆண்டின் வடிவம் இன்று படங்களில் மட்டுமே உள்ளது.

ஒளிப்படம் சான்றாக

பழைய ஹாட் ராடுகளை மீட்டமைப்போர் முதலில் தேடுவது ஒளிப்படங்களையே. தொழிற்சாலையில் உருவான தானுந்துக்கு வரைபடங்களும் உதிரிபாகப் பட்டியலும் உண்டு. பணிமனையில் கையால் மாற்றப்பட்ட வண்டிக்கு அவை இல்லை. சுமைப்பெட்டி எத்தனை அங்குலம் குறுக்கப்பட்டது என்பதனை, படத்திலுள்ள சக்கரத்தின் அறிந்த விட்டத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கலாம். எண் தகட்டில் பொறிக்கப்பட்ட ஆண்டும், கதவில் எழுதப்பட்ட போட்டி எண்ணும் படத்தின் காலத்தை அறிய உதவுகின்றன. போட்டி எண்ணைச் சங்கத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஓட்டுநரையும் அடையாளம் காண இயலும்.

எனினும் ஒளிப்படத்தை அப்படியே நம்புவதற்கில்லை. அக்காலத்தில் பலர் பயன்படுத்திய கோடாக் வெரிக்ரோம் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராதது. சிவப்பு நிற வண்டி இதில் கருமையாகப் பதிவாகும். எல்லா நிறங்களையும் உணரும் வெரிக்ரோம் பான் 1956இல்தான் அதற்கு மாற்றாக வந்தது. ஆகவே கருப்பு வெள்ளைப் படத்தில் கருப்பாகத் தெரியும் வண்டி உண்மையில் கருப்பு நிறமாகவே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஏரிப்படுகையின் வெளிர் நிறத் தரை வெயிலை வலுவாக எதிரொளிப்பது மற்றொரு சிக்கல். தரைக்கும் வானத்திற்கும் ஏற்றவாறு ஒளியளவை அமைத்தால் பொறியும் அடிச்சட்டமும் நிழலில் மறைந்துவிடும். மீட்டமைப்போருக்கு மிகவும் தேவையான பகுதி இதுவே. மூடி அகற்றப்பட்ட பொறியைப் பக்கவாட்டிலிருந்து அருகில் எடுத்த படங்கள் இக்காரணத்தால் பெருமதிப்புப் பெறுகின்றன.

வண்ணப் படங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. 1935இல் அறிமுகமான கோடாக்ரோம், இருட்டில் பாதுகாக்கப்பட்டால் பல்லாண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும். அக்காலத்து வேறு பல வண்ணப் படச்சுருள்களின் நிறங்கள் மங்கிவிட்டன. கோடாக்ரோம் தயாரிப்பு 2009இல் நிறுத்தப்பட்டது.

இன்றைய நிலை

1997 முதல் பெபிள் பீச் தானுந்துக் கண்காட்சியில் பழைய ஹாட் ராடுகளுக்கெனத் தனிப்பிரிவு இடம்பெறத் தொடங்கியது. இங்கு அழகு மட்டுமன்றி வரலாற்றுத் துல்லியமும் மதிப்பிடப்படுவதால் பழைய படங்களின் தேவை அதிகரித்தது. அலா கார்ட் வண்டியும் 2000களில் ராய் பிரிசியோவின் பணிமனையில் மீட்டமைக்கப்பட்டது. பீட்டர் வின்சென்ட் போன்ற பிற்காலக் கலைஞர்கள் பானவிலில் ஓடும் ஹாட் ராடுகளைப் படம் பிடித்து நூல்களாக வெளியிட்டுள்ளனர்.

இதழ்களுக்காக எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் கண்காட்சிக்கு உரிய, பளபளப்பான வண்டிகளையே காட்டுகின்றன. வார நாள்களில் சுமை ஏற்றி, வார இறுதியில் ஏரிப்படுகையில் ஓடிய எளிய பிக்கப்புகள் குடும்பப் படத்தொகுப்புகளிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றன. படத்தின் பின்புறத்தில் பெயர், இடம், ஆண்டு ஆகியவை எழுதப்படாவிடில், எடுத்தவரின் மறைவோடு அப்படத்தின் பொருளும் மறைந்துவிடுகிறது. எழுதப்பட்ட ஒரு வரி அதனை வரலாற்று ஆவணமாக்குகிறது.