தங்கவயலிலிருந்து பாஸ்போர்ட் பெறுதல்

ஒருவன் பிற நாட்டின் எல்லையில் நிற்கும்போது, இவன் இன்னான், இன்ன நாட்டினன் என்று அவன் பொருட்டுச் சான்று பகரும் ஆவணம் பாஸ்போர்ட் ஆகும். அதனைக் கடவுச்சீட்டு என்றும் வழங்குகிறோம். வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இதனைப் பெறுவதில் சில தனி ஐயங்கள் எழுவது இயல்பே. நாம் பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் வேறு. வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளிச் சான்றிதழின் மொழி வேறு. இந்த ஐயங்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் காணவேண்டுமாயின் கோலார் தங்கவயலைப் பார்த்தால் போதும்.

தங்கவயலுக்கு அயல்நாட்டுத் தொடர்பு புதிதன்று. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை ஏற்றபின், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழில் வல்லார் கப்பலேறி வந்தனர். வடஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்து, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி உழைத்தனர். 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு, மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புவது பல குடும்பங்களின் வாழ்க்கை முறை ஆயிற்று. கடல் கடந்து வேலை தேட விழைவோரும் உளர். அத்தகையோருக்குப் பாஸ்போர்ட் பிழைப்பின் வாயில்.

முதலில் உரிமையைப் பற்றி ஒரு சொல். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுகாறும் பாஸ்போர்ட் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன. தீர்ப்பின் விளைவாக அவ்வாண்டு ஜூன் 24 ஆம் தேதி பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. மறுப்பதற்குரிய காரணங்கள் எவை என்பதை அச்சட்டமே வகுத்துரைக்கிறது. பொதுவாக, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவேண்டும், விண்ணப்பதாரர் அதன் நகலைக் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். ஆகவே, எளியவர் எவரும் யாசகம் கேட்பவர்போல் அஞ்சி நிற்கவேண்டியதில்லை.

இனி, முறையைக் காண்போம். விண்ணப்பம் இணையத்தின் வழியே செய்யப்படுகிறது. அரசாங்கத்தின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் பெயரைப் பதிந்து, படிவத்தை நிரப்பி, கட்டணத்தைச் செலுத்தி, நேரில் செல்வதற்கான நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வயது வந்தோருக்கு 36 பக்கப் புத்தகத்திற்கு 1,500 ரூபாயும், 60 பக்கப் புத்தகத்திற்கு 2,000 ரூபாயும் கட்டணம். அவசரமாகப் பெறும் தத்கால் முறைக்கு மேற்கொண்டு 2,000 ரூபாய். குறித்த நாளில் மூலச் சான்றிதழ்களையும் நகல்களையும் எடுத்துச் செல்லவேண்டும். புகைப்படமும் கைவிரல் ரேகையும் சேவை மையத்திலேயே பதிவு செய்யப்படும்.

தங்கவயல் பெங்களூர் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் ஆட்சி எல்லைக்குட்பட்டது. ஒரு காலத்தில் இத்தகைய ஊரினர் தலைநகருக்கே சென்று காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 ஆம் ஆண்டு ஜனவரியில் மைசூரிலும் குஜராத்தின் தாஹோத்திலும் தொடங்கி, தலைமைத் தபால் நிலையங்களிலேயே சேவை மையங்கள் அமைக்கப்படலாயின. 2018 ஆம் ஆண்டிலிருந்து, நாட்டின் எந்தப் பகுதியிலுள்ள அலுவலகத்தையும் விண்ணப்பதாரர் தேர்ந்துகொள்ளலாம் என்ற வசதியும் வந்தது. பம்பாயில் வேலை பார்க்கும் தமிழர் விண்ணப்பம் செய்வதற்காகவே சொந்த ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: எங்கே விண்ணப்பித்தாலும், படிவத்தில் எந்த முகவரியைக் கொடுத்தோமோ அந்த இடத்துக் காவல்துறைக்கே விசாரணை செல்லும், புத்தகமும் அந்த முகவரிக்கே விரைவுத் தபாலில் வரும்.

இங்கேதான் தங்கவயல் மக்களின் முதல் ஐயம் எழுகிறது. பல குடும்பங்கள் பழைய கம்பெனிக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. வீட்டுக்குப் பட்டா இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட் எங்ஙனம் கிடைக்கும் என்று அவர்கள் வினவுகின்றனர். வீடு யாருக்குச் சொந்தம் என்பது பாஸ்போர்ட் அலுவலகத்தின் கேள்வியே அன்று. விண்ணப்பதாரர் அங்கே குடியிருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி இருந்தால் போதும். ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, மின்சார ரசீது, நடப்பிலுள்ள வங்கிக் கணக்கின் படம் ஒட்டிய புத்தகம் முதலியன இதற்கு ஏற்கப்படுகின்றன. ஆதலின் பட்டா இல்லையென்று மனம் சோர்ந்து இருந்துவிடுதல் வேண்டா.

பெங்களூரில் வாடகை அறையில் தங்கி, வாரம் ஒருமுறை ஊருக்கு வருவோர் எந்த முகவரியைக் கொடுப்பது? உண்மையில் எங்கு வசிக்கிறாரோ, எதற்கு அத்தாட்சி உண்டோ அதைக் கொடுக்கவேண்டும். தங்கவயல் முகவரியாயின், வீடு ராபர்ட்சன்பேட்டையா, ஆண்டர்சன்பேட்டையா, சாம்பியன் ரீஃபா, அது எந்தக் காவல் நிலைய எல்லையில் உள்ளது என்பதைச் சரிபார்த்து எழுதவேண்டும். விடியற்காலை ரயிலேறி இரவில் திரும்புவோர், காவல் நிலையத்திலிருந்து வரும் அழைப்பைக் கவனியாது விட்டால் விசாரணை முற்றுப்பெறாது. ஆகவே கைத்தொலைபேசி எண்ணைச் சரியாகக் கொடுப்பதும், ஒரு நாள் விடுப்பெடுத்தேனும் நேரில் காண்பதும் நலம்.

இரண்டாவது ஐயம் பெயரைப் பற்றியது. நம் வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன் நிற்கும். பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை மட்டும் எழுதுதல் ஆகாது, அதனை விரித்தெழுதவேண்டும். முனுசாமியின் மகன் செல்வம் எனில், தன் பெயரிடத்தில் செல்வம் என்றும், குடும்பப் பெயரிடத்தில் முனுசாமி என்றும் எழுதலாம். குடும்பப் பெயரிடத்தை வெறுமையாக விடுவதால் பின்னர் இடையூறு நேரக்கூடும். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு நாடுகள் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் முதலியன இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. மேலும், கன்னடத்தில் எழுதிய பள்ளிச் சான்றிதழிலிருந்து ஆங்கிலத்திற்கு மாற்றும்போது எழுத்துக்கள் வேறுபடுவதுண்டு. ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கும்படி முன்னரே திருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்ததாகும்.

மூன்றாவது, பிறப்புச் சான்று. 2023 அக்டோபர் 1 ஆம் தேதியன்றோ அதன் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும். அதற்கு முன் பிறந்தோர் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், ஆயுள் இன்ஷூரன்ஸ் பத்திரம் முதலியவற்றுள் ஒன்றைக் காட்டலாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுவது எளிது. ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்படும். இளம் பெற்றோர் இதனை நினைவிற் கொள்க.

வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் அறியவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதோரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் குடிபெயர்வுச் சோதனைக்கு உட்பட்ட வகையைச் சேரும். 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசாங்கத்தின் அனுமதியைப் பெறவேண்டும். இதனைத் தடையென்று கருதி, வருகை விசாவில் சென்று வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசை காட்டும் தரகர் உண்டு. அவ்வழி செல்பவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, கேட்பாரும் இல்லை. முறைப்படி செல்பவனுக்கோ ஒப்பந்தம் பதிவாகிறது. 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்டு தம் சேவைக்கு 30,000 ரூபாயும் அதன் மீதான வரியும் தவிர மிகுதியாகப் பெறுதல் கூடாது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் மதிப்பெண் சான்றிதழைத் தவறாது இணைக்கவேண்டும். பின்னாளில் தேறினால், மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அக்குறிப்பை நீக்கிக்கொள்ளலாம்.

வயது வந்தோரின் பாஸ்போர்ட் பத்தாண்டு செல்லும். அதன் பிறகு அதே புத்தகம் நீட்டிக்கப்படுவதில்லை. மறுவெளியீடு என்ற பெயரில் புதிய புத்தகம் தரப்படுகிறது. காலம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே இதற்கு விண்ணப்பிக்கலாம். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமேனும் மீதமிருக்கவேண்டும் என்று கேட்பதால், கடைசி மாதம் வரை காத்திருத்தல் தகாது. வீடு மாறியிருந்தால் புதிய முகவரியையும் அப்போதே சேர்த்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அரசாங்கத் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளங்கள் பல உலவுகின்றன. உண்மையான தளத்தின் முகவரி, ‘பாஸ்போர்ட் இந்தியா’ என்ற சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ‘புள்ளி கவ் புள்ளி இன்’ என்று முடியும். ஐயம் எழுந்தால் 1800-258-1800 என்ற கட்டணமற்ற எண்ணில் கேட்கலாம். உண்மையை மறைத்தோ பொய்யான தகவல் தந்தோ பாஸ்போர்ட் பெற்றால், சட்டத்தின் 12 ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்று தரகர் சொல்லலாம். ஆனால் பொய்யான சான்றுக்குப் பதில் சொல்லவேண்டியவர் கையெழுத்திட்டவரே.

படிவத்தை நிரப்பத் தெரியாதவர், படித்த பிள்ளைகளிடம் கொடுத்து எழுதச் சொல்லி, அனுப்புமுன் ஒவ்வோர் எழுத்தையும் வாசித்துக் காட்டச் சொல்வாராக. தெருவுக்கு ஓர் இளைஞர் இப்பணியை ஏற்றுக்கொண்டால், அயலார் பலருக்குப் பொருளும் நாளும் மிச்சமாகும்.