பேரீச்சம்பழத்துக்குப் போகாத விமானங்கள்

பிளவக்கல்லில் போர் விமானம் எதுவும் இல்லை. வத்திராயிருப்பைத் தாண்டி மேற்கே போனால் பெரியாறு அணை, கோவிலாறு அணை, அவற்றுக்குப் பின்னால் மலை. அவ்வளவுதான். ஆனால் இந்தியாவில் எந்த ஊர்ப் பூங்காவில், எந்தக் கல்லூரி வளாகத்தில் எந்தப் பழைய போர் விமானம் நிற்கிறது என்று கேட்டால், தண்ணீர் குடிக்கிற நேரத்தில் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இந்த அணைப் பக்கத்தில்தான் குடியிருக்கிறார். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டைப்போல நெடுக்காகக் கோடு போட்டு ஊர், இடம், வகை, எண், பார்த்த தேதி, சொன்ன ஆள் என்று கட்டம் கட்டியிருக்கிறார். வடக்கே வேலை பார்த்த காலத்தில் ரயில் ஜன்னலில் கண்டது, கூட வேலை பார்த்தவர்கள் அஞ்சல் அட்டையில் எழுதிப் போட்டது, லீவில் வந்தவர் வாய்மொழியாகச் சொன்னது எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. சில கட்டங்களில் சிவப்பு மையில் “புதுப் பெயிண்ட், நம்பாதே” என்று குறிப்பு. சில வரிகள் முழுதாக அடிக்கப்பட்டு ஓரத்தில் “ஏலம்” என்ற ஒற்றைச் சொல்.

அன்றைக்கு இந்த வேலை எவ்வளவு கடினம் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. படைத்தளத்தின் வாசலில் நிற்கிற விமானத்தைப் படம் எடுக்க முடியாது. தடை செய்யப்பட்ட இடம் என்ற பலகை தொங்கும். காமிரா வைத்திருந்தவர்களே குறைவு. கண்ணால் பார்த்து, எண்ணை மனதில் வைத்து, அடுத்த டீக்கடையில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். எண்தான் எல்லாம். இந்திய விமானப்படையில் எண்ணுக்கு முன்னால் வருகிற எழுத்தே வகையைச் சொல்லிவிடும். எச்.எஸ். என்றால் ஸ்பிட்ஃபயர், எச்.ஏ. என்றால் டெம்பஸ்ட், எச்.இ. என்றால் லிபரேட்டர். சி என்று தொடங்கினால் மிக்-21. எழுத்து அழிந்து எண் மட்டும் மிஞ்சினால் தலைவலி.

பழைய விமானம் என்றால் அன்று மதிப்பு, எடைக்கு எடை அலுமினியம். படை கழித்துப்போடும், ஏலம் விடும், காயலான் கடைக்காரர் வெட்டி எடுத்துப் போவார். நம் பக்கத்து வழக்கில் சொன்னால், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்லி என்ன பயன்? உலகம் முழுதும் அப்படித்தான் செய்தது. இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் 18,000க்கு மேல். இன்று முழு உருவில் மிஞ்சியவை இருபதைத் தாண்டாது. அந்தச் சொற்ப மிச்சத்தில் கணிசமானவை இந்தியாவிலிருந்து போனவை.

அந்தக் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தக்கது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரின் சக்கேரி தளத்தில் நிறுத்தியது. அவை அமெரிக்கா கடன் ஏற்பாட்டில் கொடுத்தவை. வேறு யாருக்கும் பயன்படக் கூடாது என்பதால் வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுக் கிளம்பினார்கள். 1948-இல் புதிய அரசுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கக் காசில்லை. ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆட்கள் கான்பூருக்குப் போய், ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அந்தத் துணிச்சலுக்கு எந்த ஊரிலும் சிலை கிடையாது. சுமார் 40 விமானங்கள் இப்படி மீண்டன. 1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கொண்டே தொடங்கியது. 1968 வரை பறந்தன. வேறு நாடுகள் எல்லாம் தங்களுடையதை உருக்கி முடித்த பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருந்ததால், கழித்தபோது அருங்காட்சியகங்கள் கேட்டு வாங்கின. ஒன்று அமெரிக்காவில் டூசானுக்கு, ஒன்று கனடாவின் ஒட்டாவாவுக்கு, ஒன்று பிரிட்டனுக்கு. நமக்கென்று ஒன்று டில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

தப்பித்த விமானங்கள் பெரும்பாலும் தப்பித்தது யாரும் அக்கறைப்பட்டதால் அல்ல. மறந்துவிட்டார்கள், அதனால் தப்பித்தன. இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது காசி இந்துப் பல்கலைக்கழகத்து ஹரிக்கேன். 1940-இல் லண்டனைக் காத்த வான்போரில் 605-ஆம் ஸ்குவாட்ரனோடு 49 முறை களமிறங்கிய விமானம் அது. எண் ஆர் 4118. பிறகு பெட்டியில் அடைபட்டுப் பம்பாய்க்கு வந்து, 1947-இல் பொறியியல் மாணவர் படிக்கட்டும் என்று காசிக்குக் கொடுக்கப்பட்டது. திறந்த வெளியில், மழையிலும் வெயிலிலும் முப்பத்தைந்து ஆண்டு. 1982-இல் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியா வந்த பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயர் அதைப் பார்த்தார். எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். ஊரில் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அது எப்பேர்ப்பட்ட விமானம் என்று தெரிந்தது. பல ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பின் 2001-இல் கப்பலேறியது. 2004 டிசம்பரில் மீண்டும் பறந்தது.

காசியில் தினமும் அதன் அருகே நடந்துபோன மாணவர் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! எண்ணைக் குறித்துக்கொண்டவர் கார் தேடி வந்த ஒருவர். பழைய விமானம் சேகரித்த ஹேடன்-பெய்லி சகோதரர்கள் 1970களின் கடைசியில் இந்தியாவிலிருந்து எட்டு ஸ்பிட்ஃபயர்களை வாங்கிப் போனதும் இந்த வகைதான். அவர்கள் கையில் முகவரி இருந்தது. நம்மிடம் விமானம் இருந்தது, முகவரி இல்லை.

சட்டமும் கை கொடுக்கவில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருளாக 100 ஆண்டு ஆக வேண்டும். இந்திய விமானப்படையே 1932-இல் பிறந்தது. பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கும் வேப்பிடி இரட்டைத்தட்டு விமானம் அந்தத் தொடக்க காலத்து வகை, உலகில் வேறெங்கும் முழுதாக இல்லாதது. அந்தக் காலத்து விமானமே இனிமேல்தான் நூறைத் தொட வேண்டும் என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுக்கு வருவோம். போர்க் காலத்தில் இங்கே விமானத் தளங்களுக்குப் பஞ்சமே இல்லை. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, அரக்கோணம், செட்டிநாடு, கயத்தாறு என்று நெடுக ஓடுதளம் போட்டார்கள். செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற நீர் விமானங்கள் இறங்கி ஏறின. வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் வேலை. கோவையில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையே நடத்தியது. இத்தனை தளம் இருந்தும், அங்கிருந்து பறந்தவற்றில் ஒன்றுகூட அந்த இடத்தில் நிற்கவில்லை. சோழவரத்து ஓடுதளத்தில் பிறகு கார் ரேஸ் விட்டார்கள். நோட்டுக்காரர் இந்தத் தளங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். “இடம் உண்டு, விமானம் இல்லை” என்று தலைப்பு.

இருப்பவை எல்லாம் பின்னால் வந்தவை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கப் போன அப்துல் கலாம், அங்கே காட்சிக்கு நின்ற இரண்டு கழித்த விமானங்களைப் பார்த்துத்தான் விமானப் பொறியியல் பக்கம் திரும்பியதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். படைக்கு உதவாத அலுமினியம் ஒரு ராமேஸ்வரத்துப் பையனுக்கு உதவியது. பின்னாளில் மாருத் போன்ற விமானங்களும் சென்னைக்கு வந்தன. கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்கு அது நினைவிருக்கும். ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்து 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது மாருத். கட்டியது 147. ஒன்று ஜெர்மனியில் மியூனிக் பக்கத்து அருங்காட்சியகம்வரை போயிருக்கிறது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். நோட்டுக்காரரின் பேரன் போனில் வரைபடத்தை விரித்து, மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, “தாத்தா, இந்தா மிக்” என்கிறான். மிக்-21க்கு முக்கோண இறக்கை; மேலிருந்து பார்த்தால் பட்டென்று தெரியும். நேட் என்கிற குட்டிப் போர் விமானம் அப்படி இல்லை. மொத்த நீளமே ஒன்பது மீட்டர். ஒரு வேப்பமரம் போதும் அதை மறைக்க. தவிர, மேலே இருந்து எடுத்த படம் எந்த ஆண்டு எடுத்தது என்று பார்க்காமல் குறித்தால் இல்லாத விமானம் பட்டியலில் ஏறிவிடும். 1965 வான்போரைப் பற்றிச் சமீர் சோப்ராவோடு சேர்ந்து நூல் எழுதிய ஜகன் பில்லாரிசெட்டியும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் இந்திய விமானங்கள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று பல ஆண்டுகளாகத் திரட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் பட்டியலிலும் நம்மவர் நோட்டிலும் ஒன்று பொது: பார்த்த தேதி இல்லாமல் எதுவும் ஏறாது.

எண் விஷயத்தில் இன்று புதுக் குழப்பம். பூங்காவில் நிறுத்தும்போது ஒப்பந்தக்காரர் பளபளவென்று பெயிண்ட் அடிக்கிறார், எண்ணை மனம்போல எழுதிவிடுகிறார். போரில் பெயர் வாங்கிய விமானத்தின் எண்ணை வேறொன்றின் வாலில் எழுதுவதும் உண்டு.

“வாலைப் பாத்து ஏமாறாதீங்க அண்ணாச்சி” என்பார் அவர். “அது நாம எழுதுறது. சக்கரம் மடங்கிப் போற குழிக்குள்ள தலையை விட்டுப் பாருங்க. கம்பெனிக்காரன் தகட்டுல அடிச்ச நம்பர் இருக்கும். அதை எந்தப் பெயிண்டரும் தொட மாட்டான், குனியணும்ல.”

ஒரு விமானத்தின் கடைசிப் பயணம் முழுக்க ஊரறிய நடந்தது என்றால் அது அரக்கோணத்து டியு-142தான். 1988-இல் சோவியத் யூனியனிலிருந்து வந்த எட்டு ராட்சத வேவு விமானங்கள், 1992 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருந்தன. இறக்கை 50 மீட்டர் அகலம். 2017 மார்ச் 29 அன்று ஓய்வு கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஏப்ரலில் தானே பறந்து விசாகப்பட்டினம் போய், கடற்கரையில் அருங்காட்சியகம் ஆகி, டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் கையால் திறக்கப்பட்டது. உள்ளே ஏறிப் பார்க்கலாம். நம் மண்ணில் கால் நூற்றாண்டு இருந்த விமானத்தைப் பார்க்க ஆந்திராவுக்கு ரயிலேற வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஒரு சின்ன ஆதங்கம் உண்டு. சென்னைக் கடற்கரையில் இடமா இல்லை?

பறக்கிற பழசுகளும் இப்போது உண்டு. விமானப்படையின் டைகர் மாத் 2012-இல் மறுபடி பறந்தது. ராஜீவ் சந்திரசேகர் பிரிட்டனில் சீராக்கிக் கொடுத்த டக்கோட்டா 2018-இல் வந்து ‘பரசுராமா’ என்று பெயர் பெற்றது. 

தேடும் கலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை ஒரு துயரச் செய்தியே நமக்குக் காட்டியது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதறல்களைப் படமெடுத்தது. நோட்டுக்காரர் இதைத் தன் பட்டியலில் ஏற்றவில்லை. அது காட்சிப்பொருள் அல்ல என்றார். சரிதான்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்தார்கள். 1963 முதல் பறந்த வகை, 800க்கு மேல் நம்மிடம் இருந்தவை. இதற்கு முன் கழித்தவற்றில் பல ஏற்கெனவே முச்சந்திகளிலும் கல்லூரி வாசல்களிலும் நிற்கின்றன. இனி இன்னும் பல ஊருக்குப் போகும். எது எந்த ஊருக்குப் போகிறது என்று வெளியாகும் நாளிலேயே குறித்துவிட வேண்டும் என்று பேரனுக்கு உத்தரவாகியிருக்கிறது. மதுரை, நெல்லைப் பக்கம் எங்காவது ஒன்று வந்தால் பஸ் ஏறி நேரில் போக வேண்டும், சக்கரக் குழிக்குள் டார்ச் அடிக்க வேண்டும், தகட்டைப் படமெடுத்த பிறகுதான் வால். நோட்டில் அதற்காக இரண்டு பக்கம் காலியாக விட்டு, மேலே சி என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.