மனச்சோர்வுக் குளிசையும் மதுபானமும்

முகாம்களிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்கக்கண்டிக்குத் திரும்பியிருப்பவர்களில் சிலர் மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்து வருகிறீர்கள். இடம் மாறிய அலைச்சலில் அது நின்றுபோக விடாதீர்கள். பழைய கிளினிக் கொப்பியுடன் நிலாவெளி வைத்தியசாலைக்கோ திருகோணமலை பொது வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். கொப்பி தொலைந்திருந்தால் வெறும் குளிசை அட்டையாவது போதும். தமிழ்நாட்டில் தந்த குளிசைக்கு இங்கே வேறு வணிகப் பெயர் இருக்கலாம்; அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்தே வைத்தியர் கண்டுகொள்வார். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

இந்தக் குளிசைகளில் தொல்லை முந்தி வரும், சுகம் பிந்தி வரும். புளுஒக்செற்றின் எடுத்தால் முதல் நாட்களில் குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம், பதற்றம் ஏற்படலாம். அமிற்றிப்டிலின் நித்திரை மயக்கம், வாய் வரட்சி, மலச்சிக்கல், எழும்பும்போது தலைச்சுற்றைத் தரலாம். பெரும்பாலானவை ஓரிரு வாரங்களில் குறையும். மனம் தெளியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும் ஒரு பக்கவிளைவுதான். வெட்கப்பட்டு மருந்தை நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். சுகமான பின்பும் ஆறு மாதமாவது தொடரவேண்டியிருக்கும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரையின்மை வரலாம்.

“இண்டைக்குக் குடிக்கப்போறன், குளிசை வேண்டாம்” என்பது பலர் செய்யும் கணக்கு. அது பிழையான கணக்கு. ஒருநாள் விட்டால் மருந்து உடலை விட்டுப் போய்விடாது. புளுஒக்செற்றின் வாரக்கணக்கில் தங்கும். ஆகவே சாராயமும் அதனுடன் சேரும், தொடர்ந்து விட்டால் நோயும் திரும்பும். கள்ளோ சாராயமோ, மதுபானம் தானே மனச்சோர்வைக் கூட்டுவது. அமிற்றிப்டிலினுடன் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும், மூச்சு மந்தமாகலாம். இரவில் வள்ளத்தில் போகிறவருக்கு இது உயிர் விடயம். கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது.

ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். வைத்தியரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். அவர் பொலிசுக்குச் சொல்லப்போவதில்லை.

குடிப்பவர் உள்ள வீட்டில் குளிசைகளை வேறொருவர் பூட்டி வைத்து நாளாந்தம் எடுத்துக் கொடுப்பது நல்லது. அமிற்றிப்டிலினை அளவுக்கு மேல் விழுங்கினால் இதயம் பாதிக்கப்படும். அப்படி நடந்தால், ஆள் தெளிவாக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் அப்படியே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திற்கும் அழைக்கலாம்.