ஒத்த பாயின்ட் டவர்... ஓவரா கத்தும் போன்!

"சாயங்காலம் நாலு மணிக்கே போன் செத்துப் போயிடுதே... அப்படி என்னத்தடா பார்க்குற?" - இது எங்க அம்மாவின் தினசரி அர்ச்சனை. சத்தியமா ரீல்ஸ் இல்லம்மா, எல்லாம் டவர் பண்ற வேலை!

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் காராச்சேவு பொட்டலத்தோட நிற்கும்போது டவர் ஃபுல். பஸ் கரிசல் காட்டுக்குள்ள திரும்பினா ஒரே பாயின்ட். அங்கேயிருந்து பேசினா டவருக்குக் கேட்கணுமே? அதனால போன் தன் பவரை ஏத்திக் 'கத்த' ஆரம்பிக்குது. பேட்டரி காலி! சாதாரண 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை அனுப்பும். டவர் பக்கத்தில் இருந்தா 1 மில்லிவாட்கூடப் போதும்.

எவ்வளவு கத்தணும்னு அப்பப்போ சொல்றது டவர்தான். முதல் பெஞ்ச் பையன் கத்தினா, கடைசி பெஞ்ச் குரல் லெக்சரருக்குக் கேட்குமா? அதே கதைதான் இங்கேயும். அதுக்காகவே 3ஜியில் 'ஏத்து, இறக்கு'ன்னு விநாடிக்கு 1,500 கட்டளை போற மாதிரி வடிவமைச்சாங்க!

'டவர் ஆபத்து, ஊருக்கு வெளியே தூக்கு'ன்னு சண்டை போடுறவங்க கவனத்துக்கு... 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். டவர் தள்ளிப் போனா, காதோடு ஒட்டியிருக்கிற போன்தான் இன்னும் அதிகமா கத்தும். இது தேவையா பாஸ்?

எங்க ஊருக்கு இது வெறும் பேட்டரி பிரச்னை இல்லை. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தது. அந்த மாதிரி நாளில், வேலைக்குப் போனவங்க வீட்டில் எல்லார் கையும் முதலில் தேடுறது போனைத்தான். அப்போ சார்ஜ் இல்லைன்னா?

அதனால ஃப்ரெண்ட்ஸ்... டவர் கம்மியா இருக்கிற இடத்தில் வீடியோ, ஹாட்ஸ்பாட் வேண்டாம். நீட்டி முழக்காம மெசேஜ் தட்டுங்க. பேசியே ஆகணும்னா ஜன்னலோரமோ வாசலுக்கோ வந்து, இயர்போன் மாட்டிப் பேசுங்க. வீட்டுக்குப் போன் பண்ற அளவுக்காவது சார்ஜை மிச்சம் வைங்க.

இதையெல்லாம் அம்மாகிட்ட விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு சொன்னாங்க: "சரி, அந்த ஜன்னலோரமா உட்கார்ந்து படி!"